நாலு இறக்கை, பதினோரு இன்ச்

ஜனவரி 12

அக்காவுக்கு,

எப்படி இருக்க? நாங்க மூணு பேரும் சுகமா இருக்கோம். மூணு பேரான்னு முழிக்காத, பொண்ணு பொறந்து ஒரு வருஷமும் ரெண்டு மாசமும் ஆச்சு. நாலு வருஷம் வாயத் திறக்காம இருந்துட்டு இப்ப எழுதறானேன்னு நினைப்ப. போன்ல பேசினா நமக்கு ஒத்து வராது. கடைசியா பேசினப்ப யாரு முதல்ல போன வச்சதுன்னு எனக்கு இன்னும் தெரியல. கல்யாணத்துக்கு உன்னக் கூப்பிடாதது என் தப்பு. நீ மாமாவ விட்டுட்டு வந்தப்ப எல்லாரும் வாய்க்கு வந்தத சொன்னாங்க, நானும் கூடச் சேர்ந்து சொன்னேன். அதுவும் என் தப்பு. சொல்லிட்டேன், இனி விஷயத்துக்கு வரேன்.

நான் இப்ப ஏரியில படகு ஓட்டறேன். சொந்தப் படகு. பதினெட்டு அடி, ஃபைபர், பின்னால அறுபது குதிரை இஞ்சின். லீவு நாள்ல குடும்பம் குடும்பமா வருவாங்க. ஏரிய ஒரு சுத்து காட்டி, நடுவுல இருக்கற திட்டுல இறக்கி விட்டு, திரும்பக் கூட்டிட்டு வருவேன். பிரச்சனை என்னன்னா ஆள் ஏறிட்டா படகு எழும்பவே மாட்டேங்குது. மூக்கத் தூக்கிக்கிட்டு, பின்பக்கம் தண்ணிக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு, எருமை மாதிரி போகுது. நான் தனியா போனா இஞ்சின் சுத்து மீட்டர் 5300 காட்டுது. எட்டு பேர் ஏறினா 4100 தாண்ட மாட்டேங்குது. புரொப்பெல்லர் மூணு இறக்கை, மேல 14 × 17னு அடிச்சிருக்கு. இங்க இருக்கற மெக்கானிக் இஞ்சினையே மாத்துங்கறான். நீ இருபது வருஷமா துறைமுகத்துல புரொப்பெல்லரோட குடும்பம் நடத்தறவளாச்சே, நீ சொல்லு.

உடம்பப் பாத்துக்க. பதில் போடுவியா மாட்டியான்னு தெரியாமலேயே ஸ்டாம்ப் ஒட்டறேன்.

உன் தம்பி


ஜனவரி 21

டேய் வாலு,

உன் கையெழுத்தப் பார்த்ததும் பட்டறையில அப்படியே உட்கார்ந்துட்டேன். யாரோ போய்ச் சேர்ந்துட்டாங்கன்னு நினைச்சு கூட வேலை பாக்கறவங்க தண்ணி கொண்டு வந்து குடுத்தாங்க. நான் சௌக்கியந்தான். முழங்கால் மட்டும் மாடிப்படியில முணுமுணுக்குது. பொண்ணு பொறந்தத, புரொப்பெல்லர் கேக்கற கடிதத்துல சொல்ற ஒரே ஆளு நீதாண்டா! திட்ட நிறைய இருக்கு. நேர்ல பாக்கறப்ப சேர்த்து வச்சுத் திட்டறேன். அதுவரைக்கும் எழுதிக்கிட்டே இரு, அது போதும் எனக்கு.

14ங்கறது குறுக்களவு, 17ங்கறது பிட்ச். ஒரு சுத்துக்கு தண்ணியில பதினேழு இன்ச் முன்னால போகணும்னு கணக்கு. அது லேசான படகுக்கு. மூட்டையத் தூக்கினவன் எட்டி எட்டி நடப்பானா? சின்ன அடியாத்தான் வைப்பான். பிட்ச்ல ஒரு இன்ச் குறைச்சா இஞ்சின் சுத்து இருநூறு வாக்குல ஏறும். பாரத்தோட முழுசா முறுக்கினா அஞ்சாயிரத்துக்கு மேல வரணும், இல்லன்னா இஞ்சின் உள்ளுக்குள்ளேயே வெந்து போகும்.

ஆனா ஒண்ணு இடிக்குது. எட்டு பேருக்கு அறுநூறு, மிஞ்சிப் போனா எழுநூறு சுத்து குறையும். உனக்கு ஆயிரத்து இருநூறு குறையுது. தனியா போனா 5300 வருதுங்கற, அதனால அடியில பாசியும் இல்ல, இஞ்சின்ல கோளாறும் இல்ல. அப்ப ஆள் கணக்குதான் தப்பு. படகுல ஒரு தகடு அடிச்சிருப்பாங்களே, எத்தனை பேர் ஏறலாம்னு, அதுல என்ன போட்டிருக்கு? நீ எத்தனை பேர ஏத்தற? உண்மையச் சொல்லு. டாக்டர்கிட்டயும் புரொப்பெல்லர்காரிகிட்டயும் பொய் சொல்லக் கூடாது.

இப்போதைக்கு பத்து பேருக்குக் கணக்குப் போட்டு 13 பிட்ச் ஒண்ணு பார்சல் பண்ணியிருக்கேன். மாட்டிப் பாத்துட்டு மீட்டர் என்ன காட்டுதுன்னு எழுது. குட்டிக்கு முத்தம். உன் வீட்டுக்காரிய நான் கேட்டதா சொல்லு.

அக்கா


மார்ச் 16

தம்பிக்கு,

எல்லாரும் நல்லா இருக்கீங்களா? பார்சல் வந்து சேர்ந்துடுச்சுன்னு லாரி ஆபீஸ்ல கையெழுத்தக் காட்டினாங்க, உன் கையெழுத்துதான். ரெண்டு மாசம் ஆகப் போகுது, ஒரு வரி வரல. குட்டிக்கு ஏதாவது உடம்புக்கு முடியலையா?

நான் கேட்டது பிடிக்கலன்னா விட்டுடு. எனக்கு எதையும் நோண்டிக் கேக்கற புத்தி, அளந்து அளந்து வந்த வியாதி. பட்டறையில எனக்கு அளவுகோல்னே பேரு வச்சிருக்காங்க. தினமும் மத்தியானம் தபால்காரர் வர்ற நேரத்துக்கு ஏதாவது சாக்கு வச்சு வாசலுக்குப் போறேன். முதலாளி பாத்துட்டு, என்னம்மா இந்த வயசுல லவ் லெட்டரான்னு கேலி பண்றார். சிரிச்சுட்டு உள்ள வந்துடறேன்.

நாலு வருஷம் எப்படி இருந்தேன்னு எனக்குத்தான் தெரியும். மறுபடி அந்த மாதிரி இருக்க என்னால ஆகாதுடா. நல்லா இருக்கேன்னு ரெண்டு வார்த்தை எழுது.

அக்கா


ஏப்ரல் 10

அக்கா,

நாங்க நல்லா இருக்கோம். குட்டிக்குப் பல்லு வருது, கையில கிடைச்சத எல்லாம் கடிக்கறா. போட்டோ வச்சிருக்கேன் பாரு. நெத்தி அப்படியே உன்னது, நல்லவேளை குணம் இன்னும் தெரியல.

எழுதாததுக்குக் கோபம்தான் காரணம், மறைக்க மாட்டேன். போலீஸ்காரன் மாதிரி கேட்டா நான் என்ன சொல்றது? பத்து பேர்தான். கூட ஐஸ் பெட்டி, பாட்டுப் பெட்டி, ரெண்டு பெட்ரோல் கேன் இருக்கு. ஒரே குடும்பமா வர்றவங்கள பாதியா பிரிச்சு, நீ இப்ப வா, நீ அப்புறம் வான்னா மூஞ்சத் தூக்கிக்கிட்டு பக்கத்துப் படகுக்குப் போயிடறாங்க. கரையில நின்னு பாரு, அப்பத் தெரியும்.

13 மாட்டினேன். பரவாயில்ல, ஆனா முழுசா எழும்பல. 4800ல நிக்குது, மூக்கு இன்னும் இறங்கல. விடுமுறைக் கூட்டம் ஆரம்பிச்சாச்சு. ஆள் கணக்கு கேக்காம, எழும்பற மாதிரி ஒண்ணு பண்ணித் தர முடியுமா? முடியாதுன்னா முடியாதுன்னு எழுதிடு, வேற ஆளப் பாத்துக்கறேன்.

உன் தம்பி


ஏப்ரல் 19

வாலுக்கு,

போட்டோவ என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில வச்சிருக்கேன். போறவங்க வர்றவங்க எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டறேன், எல்லாருக்கும் அலுத்துப் போச்சு. எனக்கு அலுக்கல. நான் நல்லா இருக்கேன். உன் கடிதம் வந்ததுலேர்ந்து முழங்கால் கூட வலிக்கல, நம்பு.

முடியாதுன்னு எழுதற அக்கா இல்ல நான். நாலு இறக்கை வச்சது ஒண்ணு அலமாரியில கிடந்தது. அதச் சூடு பண்ணி, தட்டி, 11 பிட்ச்சுக்குக் கொண்டு வந்திருக்கேன். மூணு நாள் வேலை. வேற யாரையும் தொட விடல. நாலு இறக்கை தண்ணிய நல்லாப் பிடிக்கும், படகோட பின்பக்கத்தத் தூக்கிக் குடுக்கும். பாரத்தோட 5200 வரும், எழுதி வச்சுக்க.

ஒரே ஒரு விஷயம். படகு காலியா இருக்கறப்ப முழுசா முறுக்காத. இது பாரத்துக்குன்னே பண்ணினது. லேசா இருந்தா இஞ்சின் ஆறாயிரத்தத் தாண்டிக் கத்தும், உடைஞ்சே போகும்.

வேற ஒண்ணும் கேக்கல. சாப்பாட்ட நேரத்துக்கு சாப்பிடு. வெயில்ல தொப்பி போடு.

அக்கா


மே 14

என் அருமை அளவுகோலுக்கு,

எல்லாரும் சூப்பரா இருக்கோம்! அக்கா, நீ மனுஷியே இல்ல, மந்திரவாதி. மாட்டின அன்னிக்கே கரையில இருந்த அத்தனை படகுக்காரனும் வாயப் பொளந்துட்டான். ஃபுல் கூட்டம், கைப்பிடிய முறுக்கினேன், மூணு எண்ணறதுக்குள்ள மூக்கு இறங்கி, படகு தட்டையா எழும்பி, வெண்ணெயில கத்தி போற மாதிரி போகுது. மீட்டர்ல 5200, நீ சொன்ன அதே நம்பர்! எப்படி இவ்வளவு சரியா சொன்ன? நாலு படகுக்காரங்க உன் விலாசம் கேட்டாங்க, நான் தரல. என் அக்கா எனக்கு மட்டும்தான்.

இதுல ஒரு வேடிக்கை. நீ சொன்னபடியே ஆள் கம்மியா இருந்தா இஞ்சின் கத்துது, நிறைய இருந்தா சமத்தா ஓடுது. இஞ்சினே கூட்டத்தக் கூட்டிட்டு வாங்குது, நான் என்ன பண்ண?

படகுக்கு இரும்புக் குழாய் வச்சு கூரை போட்டாச்சு. கீழ நிழலு. மேல பலகை அடிச்சு ஏணி வச்சிருக்கேன், சின்னப் பசங்க மேல உட்கார்ந்து பாக்கணும்னு உயிர விடறாங்க. இவளும் வந்து ஆளுங்கள ஏத்தி இறக்கி ஒத்தாசை பண்றா. ஜூலையில கூட்டம் குறைஞ்சதும் நீ வந்து பதினஞ்சு நாள் இரு. குட்டிக்கு அத்தைன்னு சொல்ல இவ சொல்லிக் குடுத்துட்டு இருக்கா.

உன் தம்பி


மே 23

தம்பிக்கு,

நான் நல்லா இருக்கேன். ஜூலையில கட்டாயம் வரேன். முதலாளிகிட்ட லீவு சொல்லியாச்சு, இருபது வருஷத்துல முதல் தடவையா பதினஞ்சு நாள் கேட்டதுல அவருக்கு மயக்கமே வந்துடுச்சு. குட்டிக்கு ஷூ வாங்கிட்டேன். எந்த அளவுன்னு நீ எழுதல, போட்டோவப் பாத்து நானே அளந்துக்கிட்டேன்.

கூரை போட்டது வெயிலுக்கு நல்லதுதான். மேல ஆள் ஏத்தறது கொஞ்சம் பாத்துக்கோ. பாரம் உசரத்துல இருந்தா திரும்பறப்ப ஆட்டம் குடுக்கும். உனக்குத் தெரியாததா? ஏதோ மனசுல பட்டது, சொன்னேன். கோபிச்சுக்காத.

உன் வீட்டுக்காரிக்கு என்ன பிடிக்கும்னு எழுது, வாங்கிட்டு வரேன்.

அக்கா


ஜூன் 20

அண்ணிக்கு,

நீங்க நல்லா இருக்கீங்கன்னு நம்பறேன். நாம நேர்ல பாத்ததில்ல, இப்படி ஒரு முதல் கடிதம் எழுத வேண்டியதா போச்சு. உங்க தம்பி உசிரோட இருக்கார். குட்டி நல்லா இருக்கா. முதல்ல இதச் சொல்லிடறேன்.

போன ஞாயித்துக்கிழமை படகு கவிழ்ந்துடுச்சு. ஒரு தையல் கம்பெனியிலேர்ந்து பொம்பளைங்களா சேர்ந்து வந்திருந்தாங்க. பதினெட்டு பேர், இவரோட பத்தொன்பது. ரெண்டு தடவையா போகலாம்னு இவர் சொல்லிப் பாத்தார். அன்னிக்கு ஒரு நாள்தான் லீவு, எல்லாரும் ஒண்ணாத்தான் போவோம்னு அவங்க நின்னாங்க. இவரும் சரின்னுட்டார். கூரை மேல ஆறு பேர்.

நான் கரையிலேர்ந்து பாத்துட்டு இருந்தேன். நல்ல வேகமா, அழகாத்தான் போச்சு. திட்டுகிட்ட திரும்பறப்ப மேல இருந்தவங்க போட்டோ எடுக்க ஒரே பக்கமா வந்திருக்காங்க. படகு சாஞ்சது தெரிஞ்சது. நிமிரும்னு நினைச்சேன். நிமிரல. காத்து கூட இல்ல அண்ணி, தண்ணி தட்டு மாதிரி இருந்தது.

மேல இருந்த ஆறு பேரும் தூரமா விழுந்து பொழைச்சுட்டாங்க. கீழ கூரைக்கு உள்ள உட்கார்ந்திருந்தவங்கள்ல அஞ்சு பேர் வெளிய வர முடியல. அஞ்சு பேரும் கம்பெனியில ஒரே வரிசையில உட்கார்ந்து தைக்கறவங்களாம். இவர் நாலு தடவை முங்கி ரெண்டு பேர இழுத்துட்டு வந்தார். ரெண்டு பேருக்கும் மூச்சு இல்ல. சாயங்காலம் இவரப் போலீஸ் கூட்டிட்டுப் போயிடுச்சு.

ஜூலையில நீங்க வர்றதா இருந்தீங்க. இப்ப வரணுமான்னு எனக்குச் சொல்லத் தெரியல.

உங்க தம்பி மனைவி


ஜூலை 7

அக்கா,

நீ எப்படி இருக்க? நான் இருக்கேன். உள்ள பதினோரு பேருக்கு ஒரு அறை. ராத்திரி எல்லாரும் தூங்கிடறாங்க, என்னால முடியல. சோறு இறங்க மாட்டேங்குது.

இத வக்கீல் மூலமா அனுப்பறேன், படிச்சதும் கிழிச்சுடு. விசாரணை அதிகாரி இஞ்சினக் கழட்டிப் பாத்தப்ப புரொப்பெல்லர்ல உங்க பட்டறை முத்திரை இருந்திருக்கு. உன்னத் தேடி வருவார். ஒரு இறக்கை அளவு தப்பிப் போச்சு, தட்டறப்ப கவனிக்கல, அதனால திரும்பறப்ப படகு ஒரு பக்கமா இழுத்திருக்கும்னு சொல்லிடு. அவ்வளவு போதும்னு வக்கீல் சொல்றார். என் பேர்ல இருக்கறது பாதியா குறைஞ்சிடும். உனக்கு ஒண்ணும் ஆகாது, மிஞ்சிப் போனா வேலை போகும். நீ தனி ஆள், எப்படியும் சமாளிச்சுடுவ. எனக்குப் பொண்டாட்டி பிள்ளை இருக்கு.

நீ நல்லா எழும்பற மாதிரி பண்ணிக் குடுக்கலன்னா நான் இவ்வளவு பேர ஏத்தியிருப்பேனா? யோசிச்சுப் பாரு. நாலு வருஷம் கழிச்சு உன்னத் தேடி வந்தவன் நான்தான். இதக் கூட நீ செய்யலன்னா அப்புறம் நமக்குள்ள என்ன இருக்கு?

தம்பி


ஜூலை 16

என் தம்பிக்கு,

உன் கடிதத்தப் படிச்சேன். கிழிக்கல. சோறு இறங்கலன்னாலும் ரெண்டு வாய் சாப்பிடு, உடம்ப விட்டுடாத.

அந்தப் புரொப்பெல்லர் தப்பு இல்லடா. நாலு இறக்கையையும் தனித்தனியா மூணு தடவை அளந்தேன். ஒரு முடி கூட வித்தியாசம் கிடையாது. நான் செஞ்சதுலயே அதுதான் நல்ல வேலை. அதச் சொல்ல இப்ப நாக்கு கூசுது.

எப்படி 5200னு அவ்வளவு சரியா சொன்னன்னு கேட்டியே. பட்டறையில ஒவ்வொரு வேலைக்கும் என் அளவு நோட்டுல ஒரு பக்கம் எழுதுவேன். படகு, இஞ்சின், பிட்ச், ஆள். உன் பக்கத்துல ஆள்ங்கற இடத்துல நீ சொன்ன பத்த நான் எழுதல. பதினாறுன்னு எழுதியிருக்கேன். 13 மாட்டியும் 4800தான்னு நீ எழுதினியே, அன்னிக்கே கணக்குப் போட்டுட்டேன். பத்து பேருக்கு அந்த நம்பர் வராது. பதினாறுக்குத்தான் வரும். அந்தப் பதினாறுக்குத்தான் பதினோரு இன்ச் அடிச்சேன்.

தகட்டுல என்ன போட்டிருக்குன்னு நீ கடைசி வரைக்கும் சொல்லல. நானும் அதுக்கப்புறம் கேக்கல. பதினெட்டு அடிப் படகுல என்ன இருக்கும்னு எனக்குத் தெரியாதா? பழைய புரொப்பெல்லர் இருந்தப்ப உன் படகு முடியல முடியலன்னு சொல்லிக்கிட்டே இருந்தது. மூக்கத் தூக்கி, முக்கி முனகி, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுச்சு. நான்தான் அதோட வாய அடைச்சேன். எழும்பறதும் தாங்கறதும் வேற வேறன்னு உனக்குத் தெரியாம இருக்கலாம், எனக்குத் தெரியும்.

ஏன் கேக்கலன்னா, ஜனவரியில கேட்டேன், நீ ரெண்டரை மாசம் எழுதல. மறுபடி கேட்டா நீ போயிடுவன்னு பயம். கூரைன்னு எழுதினப்பவே பஸ் ஏறி வந்து உன் கைப்பிடியப் பிடுங்கியிருக்கணும். அதுக்குப் பதிலா கோபிச்சுக்காதன்னு எழுதினேன். நீ எழுதற நாலு வரிக்காக வாயப் பொத்திக்கிட்டேன். அந்த அஞ்சு பேருக்கும் அக்கா தங்கச்சி இருந்திருப்பாங்க.

அதிகாரி வர்ற வரைக்கும் நான் காத்திருக்கல. நேத்து நானே போய் நோட்டையும் உன் கடிதங்களையும் குடுத்துட்டேன். நீ கிழிக்கச் சொன்ன கடைசிக் கடிதத்தையும் சேர்த்துத்தான். அதுல உன் ஆள் கணக்கும் தெரியும், என் கணக்கும் தெரியும். வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. இனி என் மேலயும் கேஸ் வரும்னு சொன்னார், வரட்டும். இத உன்னக் கேட்டுட்டு செய்யலாம்னு எழுதல. செஞ்சுட்டேன்னு சொல்ல எழுதறேன்.

இதுக்கப்புறம் நீ எழுத மாட்டன்னு தெரியும். தெரிஞ்சேதான் குடுத்தேன்.

அக்கா


ஆகஸ்ட் 4

அண்ணிக்கு,

நானும் குட்டியும் நல்லா இருக்கோம். உங்க முழங்கால் எப்படி இருக்கு?

உங்க கடிதத்த ஜெயிலுக்குப் போய் அவர்கிட்ட குடுத்தேன். ரெண்டு தடவை படிச்சார். எனக்கு அக்கா யாரும் இல்லன்னு பதில் எழுதிடுன்னார். அவர் சொன்னத எழுதியாச்சு. கீழ எழுதறது நானாவே எழுதறது.

அன்னிக்குக் கரையில எங்ககிட்ட இருந்தது பதினோரு லைஃப் ஜாக்கெட், மேல ஏறின ஆறு பேருக்குப் போக கீழ அஞ்சு. நான்தான் ஒவ்வொருத்தருக்கா கட்டி விட்டேன். கூரைக்குக் கீழ உட்கார்ந்த அஞ்சு பேர், எங்களுக்கு நீச்சல் தெரியாது, நல்லா இறுக்கிக் கட்டும்மான்னாங்க. இறுக்கிக் கட்டினேன். படகு கவிழ்ந்ததும் அந்த ஜாக்கெட்டே அவங்கள மேல தூக்கி, கவிழ்ந்த படகோட தரையில அழுத்திப் பிடிச்சுக்கிச்சாம். ஜாக்கெட் இல்லாதவங்க முங்கி வெளிய வந்துட்டாங்க. முங்க முடியாதவங்க இவங்க அஞ்சு பேர்தான். போலீஸ்ல யாரும் என்கிட்ட இது பத்திக் கேக்கல. இவரும் சொல்லல.

அதுல ஒருத்தங்க வீடு இங்கேர்ந்து நாலு தெரு தள்ளித்தான். மூணு தடவை அந்த வாசல் வரைக்கும் போயிட்டேன். உள்ள தையல் மெஷின் சத்தம் கேக்குது, யாரோ இன்னும் தைக்கறாங்க. கதவத் தட்டக் கை வர மாட்டேங்குது, திரும்பி வந்துடறேன்.

நீங்க வர்றீங்களா அண்ணி? கூட நின்னா தட்டிடுவேன்.

உங்க தம்பி மனைவி